கருவிக்கு வழி சொல்லுதல்



36 ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்து, அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்குப் பொழுது போவது அரிது என்பர். எனக்கு அந்தத் துன்பம் வாய்க்கவில்லை. கோவை பீளமேட்டில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே வீடு தேடி வந்து, "சாருங்க, நம்ம பட்டறைப் பையன்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் சைன், கொசைன் சொல்லிக் கொடுக்கோணுமுங்க" என்று கேட்டார். இரும்பு அறுக்கும் இடத்தில் முக்கோணவியலுக்கு என்ன வேலை என்று மனத்துக்குள் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. கணக்காசிரியன் அப்படிக் கேட்பது மரியாதையாக இராது அல்லவா?

அந்தச் சனிக்கிழமைகளில் நான் கற்றுக் கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதே மிகுதி. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தப் பட்டறையில் நிற்பவை சி.என்.சி. இயந்திரங்கள். 'கணினியால் எண் வழிக் கட்டுப்படுத்தப்படுவது' என்று அப்பெயரைத் தமிழில் விரிக்கலாம். உங்கள் கையிலுள்ள கைப்பேசியின் உறையை வார்த்த அச்சு, வயலுக்கு நீர் இறைக்கும் பம்பின் உள்ளுறுப்பு, மருத்துவர் எலும்பில் பொருத்தும் தகடு ஆகியவற்றில் பெரும்பாலானவை இத்தகைய இயந்திரங்களில் உருப்பெற்றவையே. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே ஒரு மேசை. மேசைமேல் இறுக்கிக் கட்டிய உலோகக் கட்டி. அதற்கு மேலே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சுழலும் ஒரு வெட்டுளி. பட்டறையினர் அதனை 'எண்ட் மில்' என்பர். மேசை இடவலமாகவும் முன்பின்னாகவும் நகரும். வெட்டுளி மேலும் கீழும் நகரும். எக்ஸ், ஒய், இசட் என்னும் மூன்று அச்சுகள் அவைதாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததைக்கொண்டே சொல்லுகிறேன்: நீங்கள் வரைபடத் தாளில் புள்ளி குறிக்கிறீர்களே, அதே வேலையைத்தான் இந்த இயந்திரம் உலோகத்தில் செய்கிறது. பென்சிலுக்குப் பதிலாக அதன் கையில் வெட்டுளி இருக்கிறது.

முதல் நாள் வகுப்பிலேயே சைனுக்கு வேலை வந்துவிட்டது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தின்மேல் ஆறு துளைகள் சமதொலைவில் இடவேண்டும். வட்டத்தின் நடுவை ஆதிப்புள்ளியாகக் கொண்டால், முதல் துளை 40, 0 என்னும் இடத்தில் விழும். இரண்டாவது 60 பாகையில் விழும். அதன் ஒய் அளவு 40-ஐ சைன் 60-ஆல் பெருக்கி வருவது, அதாவது 34.641. ஒரு பையன் 34.6 என்று எழுதினான். தேர்வுத் தாளாக இருந்தால் நான் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். "இந்த ஜாப் ரிஜெக்ட் ஆகிவிடும் சார்" என்றார் அருகிலிருந்த பட்டறைக்காரர். வரைபடத்தில் அனுமதித்திருந்த பிழை 0.02 மில்லிமீட்டர். பையன் விட்டது 0.041. நம் தலைமயிரின் தடிமனே ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். ஒரு மயிரிழையைவிடக் குறைந்த பிழைக்காக ஒரு பொருள் கழிக்கப்படும் உலகத்தில் நான் அன்றுதான் முதன்முதலாக அடியெடுத்து வைத்தேன்.

எண்களைக்கொண்டு இயந்திரத்தை ஓட்டும் எண்ணம் எங்கே தோன்றியது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்து வந்தார். இறக்கையின் வளைவை அளந்து பார்ப்பதற்கு வடிவத் தகடுகள் வேண்டும். வளைவின்மேல் சில புள்ளிகளை மட்டும் வரைந்து தருவார்கள். இடையிலுள்ளதைக் கையால் வளைவாக இழுத்துக்கொள்ளவேண்டும். பார்சன்ஸும் அவருடைய பொறியாளர் பிராங்க் ஸ்டூலனும், அட்டையில் துளையிட்டுக் கணக்குப் போடும் இயந்திரங்களைக்கொண்டு இடைப்புள்ளிகளையும் கணக்கிட்டார்கள். பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி: ஓர் ஆள் பட்டியலிலிருந்து எண்களை உரக்கப் படிப்பார், இன்னோர் ஆள் எக்ஸ் கைப்பிடியைச் சுழற்றுவார், மூன்றாம் ஆள் ஒய் கைப்பிடியைச் சுழற்றுவார். வகுப்பில் ஒருவன் வாய்ப்பாடு சொல்ல மற்றவர்கள் எழுதுவதுபோல! அந்த மூன்று மனிதர்களின் இடத்தில் மின்பொறியை வைத்தால் என்ன என்பதே கேள்வி. 1949-இல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பொருளுதவி அளித்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் 1952-இல், துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுகளையும் ஒருங்கே நகர்த்தும் துருவல் இயந்திரம் ஓடிக் காட்டப்பட்டது. பார்சன்ஸும் ஸ்டூலனும் பெற்ற காப்புரிமை 1958-இல் வெளிவந்தது.

இயந்திரம் ஓடியது, ஆனால் நாடாவில் துளையிடுவதற்கான எண்களைக் கணக்கிட்டு எழுதும் வேலை மனிதனை வாட்டியது. ஆகவே டக்ளஸ் ராஸ் என்பாரும் உடனிருந்தோரும் சேர்ந்து, 'இந்தக் கோட்டின் ஓரமாகப் போ, அந்த வட்டத்தைத் தொட்டுத் திரும்பு' என்பதுபோலச் சொற்களால் எழுதக்கூடிய ஏ.பி.டி. என்னும் மொழியை அமைத்தார்கள். 1959-இல் அதனைச் செய்தியாளர்களுக்குக் காட்டியபோது, அந்த முறையில் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணம் ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்களாம். புகைபிடித்தல் நாகரிகமாக எண்ணப்பட்ட காலம் அது!

இன்று பட்டறைப் பையன்கள் எழுதும் கட்டளை மொழி இன்னும் எளிது. 'ஜி 0' என்றால் வெட்டாமல் விரைந்து செல். 'ஜி 1' என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிச் செல். 'ஜி 2' கடிகாரம் சுற்றும் திசையில் வில். 'ஜி 3' அதற்கு எதிர்த்திசையில். 'எம் 3' சுழலச் சொல்லும். 'எம் 5' நிற்கச் சொல்லும். 'எம் 30' வேலை முடிந்தது என்னும். ஒரு மாலைப் பொழுதில் இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். சில கட்டளைகள் மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். 'ஜி 90' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் வரும் எண்களெல்லாம் ஆதிப்புள்ளியிலிருந்து அளந்தவை. 'ஜி 91' என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து அளந்தவை. "கோயிலிலிருந்து பத்தாவது வீடு" என்பதற்கும் "இங்கிருந்து பத்தாவது வீடு" என்பதற்கும் உள்ள வேற்றுமைதான். ஊருக்குப் புதியவனிடம் இதில் ஒன்றைச் சொல்லி, அவன் மற்றதாக எண்ணிக்கொண்டால், அவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்பது தெரியாது. இயந்திரமும் அப்படியே. ஆனால் அது கதவைத் தட்டுவதில்லை. உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது.

இனி, நான் மறக்கமுடியாத அந்த இரவைப் பற்றிச் சொல்லுகிறேன்.

பட்டறையில் இரண்டு துருவல் இயந்திரங்கள் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்து வந்த இளைஞன் என் பள்ளியில் படித்தவன். எட்டாம் வகுப்பில் என்னிடமே கணக்குப் பயின்றவன். ஒரு சனிக்கிழமை மற்ற இயந்திரத்துக்குரிய ஆள் வரவில்லை. மறுநாள் அனுப்பவேண்டிய பொருள்கள் பாக்கி இருந்தன. அவன் அந்த இயந்திரத்தில் ஏறினான். ஒரு தட்டில் இரண்டு குழிகள் வெட்டவேண்டும். தட்டு அதிர்கிறது என்று இரண்டு குழிகளுக்கும் நடுவே கூடுதலாக ஒரு கிளாம்ப் வைத்து இறுக்கினான். அதன் உயரம் 30 மில்லிமீட்டர். வெட்டுளி முதற்குழியை முடித்ததும் அதைத் தாண்டிச் செல்லவேண்டுமே என்று நிரலில் தன் கையால் ஒரு வரியைச் சேர்த்தான்: விரைவாக இசட் 50-க்கு ஏறு என்பது அந்த வரி. அடுத்த வரி, விரைவாக எக்ஸ் 182.5-க்குப் போ என்பது. அறிவாளியின் வேலைதான், முன்யோசனையோடு செய்ததுதான்.

வகுப்பு முடிந்து நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். முதற்குழி வெட்டும் ஓசை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த கணம், கோயில் மணியின் நாக்கு அறுந்து தரையில் விழுந்தாற்போல ஓர் ஓசை. விரைவு நகர்ச்சி என்பது நிமிடத்துக்கு 20 மீட்டர் அளவில் இருக்கும். 100 மில்லிமீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். சிவப்புப் பொத்தானை நோக்கிக் கை நீள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெட்டுளி மூன்று துண்டு. கிளாம்பின் திருகாணி வாழைத்தண்டுபோல் வளைந்து கிடந்தது. சுழல் தண்டைத் தாங்கும் பேரிங் கெட்டு, இயந்திரம் பதினொரு நாள் நின்றது.

பட்டறைக்காரர் நிரலைப் படித்தார். தவறு ஒன்றும் தெரியவில்லை. 50-க்கு ஏறச் சொல்லியிருக்கிறான். 30 உயரக் கிளாம்பில் எப்படி மோதும்? நானும் படித்தேன். எனக்கும் தெரியவில்லை. லேத்தில் தொடங்கி நாற்பது ஆண்டு அனுபவம் பெற்ற முதிய தொழிலாளி ஒருவர் வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு பார்வை பார்த்தார். "புள்ளி எங்கே?" என்றார்.

செய்தி இதுதான். சில இயந்திரங்களில், எண்ணுக்குப் பின்னால் தசமப் புள்ளி வைக்காவிட்டால், அந்த எண்ணை மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளாது. தான் அறிந்த மிகச் சிறிய அளவாகிய ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். '50.' என்றால் 50 மில்லிமீட்டர்; புள்ளியில்லாத '50' என்றால் 0.05 மில்லிமீட்டர்! காகித நாடாவில் ஒரு துளை மிச்சம் பிடிப்பதும் பெரிதாயிருந்த காலத்தின் பழக்கம் இது. வேண்டுமானால் இந்த வழக்கத்தை மாற்றி, புள்ளியில்லா எண்ணையும் மில்லிமீட்டராகவே படிக்கும்படி இயந்திரத்தை அமைத்துக்கொள்ளலாம். அவன் இரண்டு ஆண்டு வேலை பார்த்த இயந்திரம் அப்படி அமைத்தது. பக்கத்திலிருந்தது அப்படி அமைக்காதது. 182.5-இல் தானாகவே புள்ளி விழுந்துவிட்டது. முழு எண்ணாகிய 50-க்கு விழவில்லை. வெட்டுளி தட்டின் பரப்புக்கு மேலே மயிரிழை உயரம் எழும்பி, முழு வேகத்தில் கிளாம்பின்மேல் பாய்ந்தது.

பையன் சுவரோரம் நின்றிருந்தான். என்னைப் பார்த்து, "சாருங்க, அம்பதும் அம்பது புள்ளி சைபரும் ஒண்ணுதானுங்களே?" என்றான். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது; உண்மையாகவே கேட்டான். எட்டாம் வகுப்பில் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். கரும்பலகையில் இரண்டையும் எழுதி, நடுவே சமக்குறி போட்டு, "புள்ளிக்குப் பின்னால் வெறும் சுழி இருந்தால் அழித்துவிடலாம்" என்று ஆண்டுதோறும் சொன்னவன் நான். மதிப்பில் அவை சமம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவீட்டில், 50.0 என்பது 'பத்தில் ஒரு பங்குவரை பார்த்து அளந்தேன்' என்று ஒருவன் கொடுக்கும் வாக்கு. 50 என்பது அந்த வாக்கைக் கொடாதது. எழுதுகிறவன் எதைச் சொல்லுகிறான், படிக்கிறவன் எதை எடுத்துக்கொள்ளுகிறான் என்பது வேறு ஒரு கணக்கு. அதை நான் 36 ஆண்டுகளில் ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. தேர்வில் அதற்குக் கேள்வி வருவதில்லை.

"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரம். நான் பரிந்து பேசினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நான் வாயெடுப்பதற்குள் அந்த முதியவர் பேசிவிட்டார்: "ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு மெஷினை ரெண்டு பாஷை பேச வெச்சது நாமதானுங்களே." அதோடு நிற்காமல் பையன் பக்கம் திரும்பி, "நீ ஏன் காத்துல ஓட்டிப் பாக்கலை?" என்றும் கேட்டார். புதிய வரி எதைச் சேர்த்தாலும், ஆதிப்புள்ளியை உயரத்தில் தள்ளி வைத்து, வெட்டுளி வெறுங்காற்றில் ஒருமுறை முழுப் பாதையும் போய்வரும்படி மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது பட்டறை விதி. அவசரத்தில் அவன் அதைச் செய்யவில்லை. அதற்கு அவனிடம் விடை இல்லை. அவன் வேலையில் தொடர்ந்தான். இரண்டு இயந்திரங்களும் மறுவாரம் ஒரே விதமாக அமைக்கப்பட்டன.

விபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் இந்தத் தொழிலை அஞ்சுவீர்கள். நாள்தோறும் அங்கே நடக்கும் போராட்டம் இதைவிட நுட்பமானது. வெட்டுளிக்குத் தடிமன் உண்டு என்பதிலிருந்து அது தொடங்குகிறது. நிரல் எழுதுவோன் நகர்த்துவது வெட்டுளியின் நடுக்கோட்டை. வெட்டுவதோ அதன் விளிம்பு. ஆகவே வரைபடத்தில் உள்ள கோடு ஒன்று, கருவி செல்லவேண்டிய கோடு வேறொன்று. இரண்டுக்கும் இடைவெளி வெட்டுளியின் ஆரம். தறியில் கட்டிய மாடு மேயும் வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறமாகச் சுற்றி வந்தால் தொல்லை குறைவு. குழியின் உட்புறம் வெட்டும்போதுதான் வடிவியல் நம்மை மடக்குகிறது. உருண்டையான கருவியால் சதுர மூலையை வெட்ட முடியாது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டுளி ஒவ்வொரு மூலையிலும் 5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டுச் செல்லும். அங்கே வெட்டப்படாமல் நிற்கும் பரப்பு எவ்வளவு? ஆரத்தின் வர்க்கத்திலிருந்து கால் வட்டத்தின் பரப்பைக் கழியுங்கள், ஏறத்தாழ 5.37 சதுர மில்லிமீட்டர் வரும். கணினித் திரையில் கூரிய மூலையை வரைந்து அனுப்பிவிட்டு, "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் இளம் பொறியாளர்கள் உண்டு என்று பட்டறைக்காரர் சிரிப்பார். பொறியியல் படிக்கப் போகிற மாணவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

சிறிய வெட்டுளியைப் போட்டால் மூலை கூர்மையாகுமே என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் ஒருமுனை மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை தொங்கும் தண்டின் வளைவைப் பற்றி இயற்பியலில் படித்திருப்பீர்கள். அதே விசைக்கு, நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்கு. மெலிந்த நீண்ட வெட்டுளி, உலோகத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி ஒதுங்கிச் செல்லுகிறது. நுனிதான் மிகுதியாக ஒதுங்கும். ஆதலால் செங்குத்தாக நிற்கவேண்டிய குழியின் சுவர், அடியில் தடித்தும் மேலே மெலிந்தும் சாய்ந்து நிற்கிறது. நிரலில் பிழையில்லை, இயந்திரத்தில் பிழையில்லை, பொருள் மட்டும் பிழை!

மூலையில் இன்னொரு துன்பமும் உண்டு. வெட்டுளி தன் அகலத்தில் பாதியளவு உலோகத்தைக் கடித்துக்கொண்டு நேரே செல்லும்போது, அதன் சுற்றளவில் 90 பாகை அளவுதான் உலோகத்தைத் தொடுகிறது. அதே வழியில் செங்கோண மூலையை முட்டும்போது அது திடீரென்று 180 பாகையாகிறது. சுமை கூடுகிறது, வெட்டுளி அதிர்கிறது, கீச்சென்று ஒரு கத்தல் எழுகிறது. வெட்டிய சுவரில் மணலில் அலை எழுதியதுபோல வரிவரியாகத் தடம் விழுகிறது. அந்தக் கத்தலைக் கேட்டதும் அனுபவமில்லாதவன் வேகத்தைக் குறைக்கிறான். சில வேளைகளில் சுழற்சியைக் கூட்டினால்தான் அது அடங்கும் என்பது அந்த முதியவர் எனக்குக் காட்டிய விந்தை. இதற்காகவே, மூலைக்குள் ஒரே பாய்ச்சலாகப் போகாமல், சிறு சிறு சுழிகளாகச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துச் செல்லும் பாதைகளை இப்போது அமைக்கிறார்கள். திரையில் அதைப் பார்த்தால் நம் வீட்டு வாசலில் இட்ட சிக்குக் கோலம் போலவே இருக்கும்.

வேகம் என்றேனே, அதற்கும் ஒரு கணக்குண்டு. வெட்டும் விளிம்பு உலோகத்தின்மேல் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடலாம் என்பதை வெட்டுளி செய்வோர் பட்டியலிட்டுத் தருவர். அலுமினியத்துக்கு 200 மீட்டர் என்று கொள்வோம். 10 மில்லிமீட்டர் வெட்டுளியின் சுற்றளவு 31.416 மில்லிமீட்டர். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,366 சுற்று. வெட்டுளிக்கு மூன்று பற்கள், ஒவ்வொரு பல்லும் 0.05 மில்லிமீட்டர் கடிக்கவேண்டும் என்றால், நிமிடத்துக்கு 955 மில்லிமீட்டர் வீதம் முன்னே செலுத்தவேண்டும். ஏழாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் பையன்களுக்கு அச்சம். பாதியாகக் குறைத்து, பின் அதிலும் பாதியாகக் குறைத்து ஓட்டுவார்கள். மெதுவாகப் போனால் நல்லது என்பது நம் ஊர்ச் சாலைக்குப் பொருந்தும். இங்கே முற்றிலும் பொருந்தாது. பல் போதிய அளவு கடிக்காவிட்டால் வெட்டாது, உரசும். தேங்காய்த் துருவலை அழுத்தாமல் தடவினால் பூ விழுமா? துருவுகிறவர் கைதான் வலிக்கும். உலோகத்தில் அந்த உரசல் சூடாக மாறுகிறது. நன்றாக வெட்டப்படும் சீவல்தான் சூட்டின் பெரும்பகுதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியே பறக்கிறது. சீவல் தூளாகிப்போனால், சூடு வெட்டுளிக்குள்ளும் பொருளுக்குள்ளும் தங்கிவிடுகிறது. அலுமினியம் பல்லில் ஒட்டிக்கொள்ளும். துருவேறா எஃகோ உரசிய இடத்தில் முன்னிலும் கடினமாகி, அடுத்த பல்லை மழுங்கச் செய்துவிடும்.

இப்போதெல்லாம் இந்தப் பாதைகளைக் கணினியே அமைத்துத் தருகிறதே, கணக்கு எதற்கு என்று என்னிடமே கேட்டார்கள். உண்மைதான். பொருளின் உருவத்தைத் திரையில் கொடுத்தால், பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலைச் சில நிமிடங்களில் அது எழுதிவிடுகிறது. அதை அந்தந்த இயந்திரத்தின் வழக்குக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பு நிரல் ஒன்றும் இடையே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளன் தவறினால் என்னாகும் என்பதை மேலே சொன்ன கதையிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். திரையில் வெட்டுளி உலாவுவதைப் பார்ப்பது அழகாகவே இருக்கிறது. ஆனால் அங்கே வைஸைக் காட்டச் சொன்னால்தான் வைஸ் இருக்கும். கிளாம்பைக் காட்டச் சொன்னால்தான் கிளாம்ப் இருக்கும். நேற்றிரவு ஒருவன் வெட்டுளியை மாற்றி, ஐந்து மில்லிமீட்டர் நீட்டிப் பிடித்துவிட்டுப் புதிய நீளத்தைப் பதிவு செய்ய மறந்து போனதைத் திரை எப்படி அறியும்? திரையில் தட்டு வளைவதுமில்லை, அங்கே வெயிலுமில்லை.

வெயிலைச் சொன்னதும் நினைவு வருகிறது. உலகெங்கும் நீள அளவுகள் 20 பாகை செல்சியசில் சொல்லப்படுபவை. கோவை குளிர்ந்த ஊர் என்று பெயரே ஒழிய, மாலை மூன்று மணிக்குத் தகரக் கூரையின்கீழ் 33 பாகை சாதாரணம். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் தட்டு அந்த 13 பாகை வேற்றுமைக்கு ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. அளக்கும் எஃகு மைக்ரோமீட்டரும் சும்மா இராது. அதுவும் அதில் பாதியளவு நீளும். ஆகவே பட்டறையில் சரியாக 300 காட்டிய தட்டு, வாங்குவோரின் குளிரூட்டிய அறையில் 0.045 குறைவாகக் காட்டுகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. கடிதப் போக்குவரத்து மட்டும் சூடாக நடக்கும்.

இப்போது பட்டறையில் எல்லாரையும் வாட்டுவது அத்தகைய ஒரு தட்டுதான். அலுமினியத் தகட்டை ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர் ஆழம் குடைந்து, 4 மில்லிமீட்டர் அடித்தளம் விடவேண்டும். முதல்முறை வெட்டினார்கள். கிளாம்ப் இறுக்கத்தில் இருந்தவரை அளவு பொருந்தியது. தளர்த்தியதும் தட்டு மெல்ல நெளிந்து 0.3 மில்லிமீட்டர் வளைந்து கொண்டது. ஆலையில் உருட்டப்பட்டபோதே அந்தத் தகட்டுக்குள் இழுப்பும் அழுத்தமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு அடங்கியிருக்கின்றன. ஒரு பக்கத்தை நாம் எடுத்துவிட்டால், மறுபக்கத்திலிருப்பது சும்மா இருக்குமா? முதியவர் சொற்படி இரண்டாம்முறை, இருபுறமும் மாற்றி மாற்றிக் கரடாக வெட்டி, அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, ஓரிரவு தளர விட்டு, பிறகு இலேசாகப் பிடித்து முடித்தார்கள். வளைவு 0.12-க்கு இறங்கியது. வரைபடம் கேட்பது 0.05.

மூன்றாம்முறைக்கு அந்தப் பையன்தான் நிரல் எழுதியிருக்கிறான். குழியை நடுவிலிருந்து தொடங்காமல், இரண்டு இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக, ஒவ்வோர் அடுக்குக்கும் தட்டைத் திருப்பிப் போட்டு வெட்டலாம் என்பது அவன் எண்ணம். முதியவருக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. திருப்பும் ஒவ்வொரு முறையும் பிடிப்பில் பிழை சேரும் என்கிறார். நிரலைத் தாளில் அச்சிட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆதிப்புள்ளிகளைச் சரிபார்த்துத் தரவேண்டுமாம். வரும் சனிக்கிழமை வெட்டுகிறார்கள்.